தீர்ப்பு வந்த பிறகுதான் வேலையே

23 வயதில் கல்யாணம், 26 வயதில் விவாகரத்து. தீர்ப்பு வந்ததும் "அப்பாடா, முடிந்தது" என்றார்கள் எல்லோரும். எனக்கு வேலையே அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

முதலில் இடறியது போன் நம்பர். வங்கிக் கணக்கிலிருந்து மருத்துவக் காப்பீடு வரை எல்லாவற்றுக்கும் அவர் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருந்தோம். நான் என் பணத்தை அனுப்ப, ஓடிபி அவர் போனுக்குப் போகும். "ஒரு ஓடிபி வந்திருக்கும், அனுப்ப முடியுமா?" என்று, பேச்சே நின்றுபோன ஒருவருக்கு மெசேஜ் போட வேண்டும். அவரும் மறுபேச்சில்லாமல் ஆறு எண்களை அனுப்பிவிடுவார். எனக்குத்தான் அன்று முழுக்க வேலை ஓடாது. அதனால் யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: நம்பரையும் மின்னஞ்சலையும் மாற்றுங்கள், பிறகு கூட்டுக் கணக்கு, அப்புறம் நாமினி. நாமினி தானாக மாறிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் நாமே எழுதிக் கொடுத்தால்தான் மாறும். அலுவலகத்தில் அவசரத் தொடர்புக்கு யார் பெயர் இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெயர் விஷயம் இன்னும் சுற்றல். என் பட்டம் பழைய பெயரில், அனுபவச் சான்றிதழ் கல்யாணத்துக்குப் பிந்தைய பெயரில். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட, திருமணச் சான்றிதழும் தீர்ப்பின் சான்றிட்ட நகலும் சேர்ந்தே தேவைப்பட்டன. கோபத்தில் திருமணச் சான்றிதழைக் கிழித்துப் போடத் தோன்றும். வேண்டாம். சான்றிட்ட நகலையும் கூடுதலாகவே வாங்கி வையுங்கள். ஜெராக்ஸ் எல்லா இடத்திலும் செல்லாது.

மனசு விஷயத்துக்கு வருகிறேன். ஆலோசகர் ஒருவர் ஹோம்ஸ், ராஹே என்ற இருவர் 1967இல் வெளியிட்ட மன அழுத்த அளவுகோலைக் காட்டினார். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100, விவாகரத்துக்கு 73. சிறைவாசத்துக்கே 63தான்! பழைய கணக்குதான், ஆனாலும் அதைப் பார்த்ததும் மூச்சு வந்தது. ஏனென்றால் என்னைச் சுற்றியிருந்தவர்கள் போட்ட கணக்கு வேறு: "மூணு வருஷம்தானே, குழந்தையும் இல்லை, நல்லவேளை." சின்ன வயதில் பிரிந்தால் துக்கப்படக்கூட உரிமை குறைவு போலிருக்கிறது.

தனியாகப் பயணம் போ, முடியை வெட்டிக்கொள் என்று ஆளாளுக்கு யோசனை. எனக்கு எதுவும் ஒட்டவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எந்தப் படத்துக்குப் போகலாம் என்று தோழி கேட்டால், "எதுவானாலும் சரி" என்பேன். உண்மையிலேயே தெரியாது. பத்து மணிக்கு விளக்கை அணைப்பது, வீட்டில் சத்தம் இல்லாமல் இருப்பது எல்லாம் என் சுபாவம் என்றே நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியோவை அணைக்காமல் விட்டேன். சமையலறையில் பாட்டு, குளித்துவிட்டு வரும்போது செய்தி, மதியம் யாரோ கிரிக்கெட் வர்ணனை. இரவு ஒரு மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு இரைச்சல் பிடிக்கும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. அப்படியே ஒவ்வொன்றாகச் சோதித்தேன். சில பழக்கங்கள் அவருடையவை என்று தெரிந்தும் வைத்துக்கொண்டேன், நன்றாகத்தான் இருக்கின்றன.

வயதொத்தவர்களுக்கு இப்போதுதான் கல்யாணம் நடக்கிறது. போகிறேன். "உனக்கு எப்போ?" என்று கேட்பவர்களிடம், "ஆகி முடிந்துவிட்டது" என்கிறேன். தடுமாறுவது அவர்கள்தான், பாவம் என்று நானே பேச்சை மாற்றிவிடுகிறேன்.