ஈ போய் ஏ வரும்வரை

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என்னிடம் கொடுத்த வேலை, ஒரு எக்செல் தாளில் தேதிகளை நிரப்புவது. இடது ஓரத்தில் ஷிப்மென்ட் எண்கள். மேலே கட்டம் கட்டமாகத் தலைப்புகள்: காலி கண்டெய்னர் எடுத்தது, சரக்கு ஏற்றியது, துறைமுகத்துக்குள் போனது, கப்பலில் ஏறியது, கப்பல் கிளம்பியது என்று வரிசையாக. கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் கண்டெய்னர் எண்ணைப் போட வேண்டும், வருகிற தேதியை எடுத்து ஒட்ட வேண்டும். இதற்கா படித்துவிட்டு வந்தோம் என்று உள்ளுக்குள் எரிச்சல்.

மூன்றாம் நாள் சீனியர் மேடம் என் தாளைப் பார்த்துவிட்டு ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். “இது ஈடிஏவா, ஏடிஏவா?” எதிர்பார்க்கும் வருகை நேரம் ஒன்று, உண்மையில் வந்த நேரம் மற்றது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. “ஈ இருந்தா வரும்னு சொல்றாங்க. ஏ இருந்தா வந்தாச்சு. இதைப் பார்க்காம கஸ்டமருக்கு மெயில் போட்டா, அப்புறம் மன்னிப்பு மெயிலும் நீதான் போடணும்” என்றார்.

அந்த மன்னிப்பு மெயிலைப் போட எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அதற்கு வருகிறேன்.

நாங்கள் ஃபார்வர்டர்கள், அதாவது மற்றவர்களின் சரக்கை ஊர்விட்டு ஊர் அனுப்ப ஏற்பாடு செய்பவர்கள். ஃபார்வர்டர் என்பவருக்குப் பெரும்பாலும் சொந்தமாகக் கப்பல் கிடையாது, விமானம் கிடையாது. லாரிகூட வாடகைக்குத்தான். சரக்கை நாங்கள் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். எங்களிடம் இருப்பதெல்லாம் தகவல். காலி கண்டெய்னர் எடுத்ததை லாரிக்காரர் போனில் சொல்வார். உள்ளே போனதை டெர்மினல் கேட்டில் இருக்கும் கணினி சொல்லும். ஏறியதைக் கப்பல் நிறுவனம் இடிஐ வழியாக, அதாவது கணினிக்குக் கணினி நேரடியாக, அனுப்பும். அந்தப் பக்கம் இறங்கியதை அங்குள்ள எங்கள் ஏஜென்ட் மெயிலில் சொல்வார், அதுவும் அவருக்கு நேரமிருந்தால். வாடிக்கையாளர் “என் கண்டெய்னர் எங்கே இருக்கு?” என்று கேட்கிறார். உண்மையில் என்னால் சொல்ல முடிவது, “கடைசியாக இன்னார், இந்த இடத்தில், இந்த நேரத்தில் பார்த்ததாகச் சொன்னார்” என்பதைத்தான். இந்தக் கட்டங்களைத்தான் மைல்ஸ்டோன் என்போம். திரையில் பச்சைப் புள்ளியாகத் தெரியும் ஒவ்வொரு மைல்ஸ்டோனும் யாரோ ஒருவர் கொடுத்த வாக்குமூலம். அதை இடம் என்று எடுத்துக்கொண்டதுதான் என் ஆரம்பகாலத் தப்புகளுக்கெல்லாம் வேர்.

போதாக்குறைக்கு ஒவ்வொரு கப்பல் நிறுவனமும் ஒரே சம்பவத்துக்கு ஒவ்வொரு பெயர் வைத்திருந்தது. ஒன்றில் ‘கேட் இன்’, இன்னொன்றில் ‘ஃபுல் இன்’, வேறொன்றில் ‘ரிசீவ்ட் ஃபார் எக்ஸ்போர்ட்’. 2019-இல் பெரிய கப்பல் நிறுவனங்கள் சில சேர்ந்து டிசிஎஸ்ஏ (டிஜிட்டல் கண்டெய்னர் ஷிப்பிங் அசோசியேஷன்) என்ற அமைப்பைத் தொடங்கி, இந்தச் சொற்களுக்குப் பொது இலக்கணம் எழுத ஆரம்பித்தன. அதில் ஒவ்வொரு சம்பவத்தோடும் அது திட்டமிட்டதா, மதிப்பிட்டதா, நடந்ததா என்று ஒரு குறிப்பு வரும். மேடம் விரல் வைத்துக் கேட்ட அதே கேள்வி.

இந்தத் தொழிலில் நான் முழுசாக நம்பும் ஒன்று உண்டென்றால் அது கண்டெய்னர் எண். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் தனியாகப் பெட்டி போட்ட ஓர் இலக்கம். முன்னால் இருக்கும் பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்தக் கடைசி இலக்கம் வர வேண்டும். போனில் இரைச்சலுக்கு நடுவே ஐந்தை ஒன்பது என்று கேட்டு எழுதினால் மென்பொருள் ‘இப்படி ஒரு எண் இருக்க முடியாது’ என்று தள்ளிவிடும். விமானச் சரக்கோடு போகும் ஆவணமான ஏர்வே பில்லின் எண்ணிலும் இந்த ஏற்பாடு உண்டு. விமான நிறுவனத்துக்கு மூன்று இலக்கம், அப்புறம் ஏழு இலக்கம், அந்த ஏழு இலக்க எண்ணை 7-ஆல் வகுத்தால் வரும் மீதி கடைசியில். எண் தப்பினால் பிடித்துவிடலாம். தேதி தப்பினால் பிடிக்க அப்படி ஒரு இலக்கம் இல்லை.

சரி, மன்னிப்பு மெயில் கதை. நாற்பதடி கண்டெய்னர் ஒன்று, உள்ளே ஒரு தொழிற்சாலைக்கான இயந்திர பாகங்கள். நேரடிக் கப்பல் கிடையாது. சின்னக் கப்பலில் ஒரு பெரிய துறைமுகம் வரை போய், அங்கே இறங்கி, நான்கு நாள் கழித்து வரும் தாய்க்கப்பலில் ஏற வேண்டும். சின்னக் கப்பல் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது. ‘இறங்கியது’ என்ற மைல்ஸ்டோன் வந்தது. தாய்க்கப்பலும் சொன்ன நாளில் கிளம்பியது. கப்பல்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் இணைய வரைபடத்தில் அந்தக் கப்பலின் பெயரைப் போட்டு வைத்துக்கொண்டு, நான் தினமும் காலையில் அது நகர்வதைப் பார்ப்பேன். வாடிக்கையாளருக்கு வாரம் இரண்டு மெயில்: “திட்டப்படி போய்க்கொண்டிருக்கிறது, 18-ஆம் தேதி வந்துவிடும்.” அவர் அதை நம்பி, இயந்திரத்தைப் பொருத்த ஆட்களை 20-ஆம் தேதிக்கு வரச் சொல்லிவிட்டார்.

18-ஆம் தேதி கப்பல் வந்தது. ஈ போய் ஏ வந்தது. 19-ஆம் தேதி அங்குள்ள ஏஜென்டிடமிருந்து ஒரு வரி மெயில்: உங்கள் கண்டெய்னர் இந்தக் கப்பலின் பட்டியலில் இல்லை.

அது இன்னும் இடைத்துறைமுகத்தின் யார்டில் நின்றுகொண்டிருந்தது. இடம் போதாமல் ரோல் செய்துவிட்டார்கள், அதாவது அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை என்று கத்தத்தான் முதலில் தோன்றியது. ஆனால் திரையை மறுபடி பார்த்தபோது கத்த முடியவில்லை. ‘இறங்கியது’ என்பதற்குக் கீழே ‘ஏறியது’ என்ற வரி இல்லவே இல்லை. அது இல்லாமல் இரண்டு வாரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அந்தத் திரையை நான் தினமும் திறந்திருக்கிறேன். நான் பின்தொடர்ந்தது கப்பலை. கண்டெய்னரை அல்ல.

மெயிலில் காரணம் எழுத உட்கார்ந்தபோது, வழக்கமான ‘எங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட சூழ்நிலை’ என்ற வாக்கியத்தை மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தேன். கண்டெய்னரை ரோல் செய்தது என் கட்டுப்பாட்டில் இல்லை, உண்மை. ஏறவில்லை என்று தெரிந்துகொள்வது முழுக்க என் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. அதை அப்படியே எழுதினேன். அவர் திட்டினார். நியாயம்தான்.

அன்றிலிருந்து, வந்த மைல்ஸ்டோன்களை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. வர வேண்டிய நேரத்தில் வராததைத் தேடுகிறேன். இடைத்துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்பி 24 மணி நேரம் ஆகியும் ‘ஏறியது’ வரவில்லையென்றால் போனை எடுத்துவிடுவேன். பத்தில் ஏழெட்டு முறை தகவல் தாமதம்தான், கண்டெய்னர் கப்பலில்தான் இருக்கும். கப்பல் நிறுவனத்தில் போனை எடுப்பவர்களுக்கு என்மேல் சலிப்பு. பரவாயில்லை.

விமானச் சரக்கில் இதே பாடம் வேறு உருவில் வந்தது. அங்கே எல்லாம் மூன்றெழுத்துக் குறிகள். ஆர்சிஎஸ் என்றால் சரக்கை விமான நிறுவனம் ஏற்றுக்கொண்டது, டெப் என்றால் கிளம்பியது, ஆர்சிஎஃப் என்றால் அந்தப் பக்கம் விமானத்திலிருந்து வாங்கியாயிற்று. இருபது பெட்டிகள் அனுப்பினோம். ‘டெப்’ வந்தது, நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். குறிக்குப் பக்கத்திலேயே பெட்டிகளின் எண்ணிக்கையும் எடையும் இருக்கும். அதில் 14 என்று இருந்தது. மீதி ஆறு மறுநாள் விமானத்தில் போயின. இதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை, ஆனால் குறியை மட்டும் படித்துவிட்டு எண்ணைப் படிக்காத கண் எனக்கு இருக்கிறது என்று தெரிந்தது.

2021 மார்ச் 23 அன்று ‘எவர் கிவன்’ என்ற பெரிய கண்டெய்னர் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டது. எங்கள் சரக்கு எதுவும் அதில் இல்லை, ஆனால் பின்னால் வரிசையில் நின்ற கப்பல்களில் இருந்தது. அந்த ஆறு நாளும் எங்கள் மென்பொருள் எந்தக் கவலையும் இல்லாமல் இருந்தது. கடைசி மைல்ஸ்டோன் ‘கப்பல் கிளம்பியது’. அது உண்மை. அடுத்தது ‘வந்து சேர்ந்தது’. அதற்கு இன்னும் நாள் இருந்தது. இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் உலகமே ஒரு கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தது, எங்கள் திரையில் மட்டும் எல்லாம் பச்சை. மார்ச் 29-இல் கப்பல் மிதந்துவிட்டது. ஆனால் இழப்பீட்டுத் தகராறில் ஜூலை 7 வரை கிரேட் பிட்டர் ஏரியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதில் சரக்கு வைத்திருந்த ஃபார்வர்டர்கள் அத்தனை மாதமும் வாடிக்கையாளருக்கு என்ன மெயில் எழுதியிருப்பார்கள் என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன்.

எல்லா மைல்ஸ்டோனும் ஒரே எடை கொண்டவை அல்ல. பெரும்பாலானவை ஒரு நாள் முன்னே பின்னே போனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ‘கப்பலில் ஏறியது’ மட்டும் பணம். லெட்டர் ஆஃப் கிரெடிட்டில், அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதியின் பேரில், வியாபாரம் நடந்தால், கப்பல் சரக்குக்கான ஆவணமான பில் ஆஃப் லேடிங்கில் இருக்கும் அந்தத் தேதியை வைத்துத்தான் வங்கி பார்க்கும். ஒருமுறை சரக்கு ஏறுவதற்கான கடைசித் தேதி 31. கண்டெய்னர் 29-ஆம் தேதியே உள்ளே போய்விட்டது. கப்பல் தாமதமாகக் கரை சேர்ந்ததால் ஏறியது 1-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு. ஏற்றுமதியாளர் போன் செய்தார். “ரெண்டு மணி நேரம்தானே சார், 31-ன்னு போட்டுக் குடுத்துடுங்க.” முன்தேதியிட்ட பில் என்பது மோசடி, முடியாது என்றேன். உடனே அவர் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். எங்கள் டிராக்கிங் பக்கத்திலேயே ‘ஏறியது: 31’ என்று இருந்தது! எங்கள் மென்பொருள் நேரங்களை உலகப் பொது நேரத்தில் சேமித்து, துறைமுக நேரத்துக்கு மாற்றாமல் அப்படியே காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கில் இன்னும் நள்ளிரவு ஆகவில்லை. துறைமுகத்தின் உள்ளூர்த் தேதிதான் செல்லும் என்று அவருக்குப் புரியவைக்க அரை நாள் போயிற்று. கடைசியில் வாங்குபவர் அந்த முரண்பாட்டை ஏற்றுக்கொண்டதால் பணம் வந்தது. எங்கள் ஐடி ஆட்கள் அதைச் சரிசெய்ய எடுத்துக்கொண்ட காலத்தைச் சொன்னால் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சில வருடங்கள் எங்கள் கிளையை மைல்ஸ்டோன் பதிவின் சதவீதத்தை வைத்து அளந்தார்கள். 95-க்குக் கீழே போனால் திங்கள்கிழமை கூட்டத்தில் கேள்வி. அதனால் வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்து காலிக் கட்டங்களை நிரப்புவோம். பொய்த் தேதி இல்லை, பெரும்பாலும் சரியான தேதிதான். ஆனால் செவ்வாய்க்கிழமை தெரிந்திருக்க வேண்டிய சேதியை வெள்ளிக்கிழமை பதிவு செய்வதால் யாருக்கு என்ன பயன்? அறிக்கைக்குப் பயன். சதவீதம் 98 வந்த மாதத்தில் கேக் வெட்டினோம். நானும் சாப்பிட்டேன்.

இப்போது என் கீழே இரண்டு புதிய பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். கப்பல் தகவல்களில் பெரும்பகுதி தானாகவே வந்து நிரம்புவதால் எக்செல் தாள் அவர்களுக்கு இல்லை. போன வாரம் அவர்களில் ஒருத்தி ஒரு ஃபைலை மூடிவிட்டேன் என்றாள். சரக்கு டெலிவரி ஆயிற்று, வாடிக்கையாளர் நன்றி மெயிலும் போட்டுவிட்டார். திறந்து பார்த்தேன். கடைசிக் கட்டம் காலி: காலி கண்டெய்னர் திரும்பியது. சரக்கை இறக்கிய பிறகு அந்தப் பெட்டியை யாரும் நினைப்பதில்லை, ஆனால் அது யார்டுக்குத் திரும்பும்வரை டிடென்ஷன் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்: ஃப்ரீ டைம் என்ற இலவச நாட்கள் தாண்டினால், பெட்டியை வைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம்.

“ஃப்ரீ டைம் எத்தனை நாள்மா?” என்று கேட்டேன்.

“ஏழு.”

“இன்னிக்கு எத்தனையாவது நாள்?”

விரல்விட்டு எண்ணினாள். அப்புறம் ஒன்றும் பேசாமல் போனை எடுத்து லாரிக்காரரைக் கூப்பிட்டாள்.