பிட்காயின் நோட் சின்க் ஆக நாள்கணக்கில் ஆகிறதா?

நோட் என்பது பிட்காயின் பரிவர்த்தனைகளை நாமே சரிபார்க்க நம் கணினியில் ஓட்டுவது; அதற்கான மென்பொருள் பிட்காயின் கோர். அது முதல்முறை சின்க் ஆகும்போது, அதாவது பழைய பதிவுகளை எல்லாம் இறக்கிச் சரிபார்க்கும்போது, பலரும் இன்டர்நெட்டைத்தான் குறை சொல்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் தாமதம் டிஸ்க்கில். 2009 முதல் வந்த ஒவ்வொரு பிளாக்கிலும் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) எந்தக் காயின் செலவானது, எது மிச்சம் என்று பார்த்து அந்தக் கணக்கை செயின்ஸ்டேட் ஃபோல்டரில் எழுதிக்கொண்டே இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் அங்கேயே திணறிவிடும். அதனால் முதலில் எஸ்எஸ்டி. அப்புறம் டிபிகேஷ் (dbcache), அதாவது அந்தக் கணக்கை ரேமில் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்ற செட்டிங்: பல பதிப்புகளில் இயல்பாக 450 எம்பிதான், ரேம் தாராளமாக இருந்தால் 4000 ஆக்குங்கள். நான் மாற்றியதும் டிஸ்க் விளக்கு ஓயாமல் மினுக்குவது நின்றது. நடுவில் பவரை மட்டும் பட்டென்று அணைக்காதீர்கள், கேஷில் இருந்தது டிஸ்க்குக்குப் போயிருக்காது, கொஞ்ச தூரம் பின்னால் போய்த்தான் மறுபடி தொடங்கும். யாரோ தரும் ரெடிமேட் செயின்ஸ்டேட்டும் வேண்டாம், நாமே சரிபார்க்கத்தானே நோட் வைக்கிறோம்!