டெப்டர்ஸ்

1996 ஆம் ஆண்டு மார்ச் மாத நடுப்பகுதியில், கல்லூரியை விட்டு விலகி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்த நான், மூன்று மாலைப்பொழுதுகள் மீண்டும் எமது உயர்தர வர்த்தக வகுப்பறையில் வந்து அமர்ந்திருந்தேன். கணக்காய்வு நிறுவனமொன்றில் பயிலுநராகச் சேர்வதற்கான நேர்முகப் பரீட்சைக்கு 21 ஆம் திகதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சமுகமளிக்குமாறு கேட்டு எனக்கொரு கடிதம் வந்திருந்ததே அதற்குக் காரணம். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியைச் சொற்ப புள்ளிகளால் தவறவிட்ட வர்த்தகப் பிரிவு மாணவர்களுக்கு அன்றைய கொழும்பில் திறந்திருந்த கதவுகள் அதிகமில்லை. பட்டயக் கணக்காளர் பரீட்சைகளுக்குப் படித்துக்கொண்டே கணக்காய்வு நிறுவனமொன்றில் பயிலுநராக இருப்பது அவற்றுள் மதிப்பான ஒன்று. சித்தப்பா ஞாயிறுதோறும் வாங்கி வரும் சண்டே ஒப்சேர்வரின் விளம்பரப் பக்கங்களைப் பார்த்து, உறையின் மேல் இடது மூலையில் பதவியின் பெயரை மறவாமல் எழுதி, வெள்ளவத்தைத் தபாலகத்தில் நான் சேர்த்த விண்ணப்பங்கள் பதினெட்டு. பதில் வந்தது இந்த ஒன்றுக்குத்தான்.

எங்கள் வீட்டைப் பொறுத்தவரையில் நேர்முகப் பரீட்சை என்பது முதலில் ஒரு கோவை சேர்க்கும் வேலையாகவே இருந்தது. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தமையால் அதனைப் புதுக்கடையில் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் பெறவேண்டியிருந்தது. பாடசாலை விடுகைப் பத்திரம், அதிபரின் நற்சான்றிதழ், சாதாரண தரம், உயர்தரம் ஆகியவற்றின் பெறுபேறுகள், உறவினர் அல்லாத இருவரின் பரிந்துரைக் கடிதங்கள், இவை எல்லாவற்றுக்கும் சமாதான நீதவானின் முத்திரை பதித்த பிரதிகள் என்று கோவை பெருத்தது. அதன் கடைசித் தாளாக, எந்த நிறுவனமும் கேட்டிராத ஒன்றைச் சித்தப்பா தம் கையாலேயே வைத்தார். அது வெள்ளவத்தைப் பொலிஸ் நிலையத்தில் எம்மைப் பதிந்ததற்கான படிவத்தின் பிரதி. அப்பாவும் அம்மாவும் அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்தனர். எனக்கொரு நேர்முகப் பரீட்சை இருக்கிறது என்று நான் எழுதிய கடிதம் அவர்களுக்குக் கிடைத்தபோது அது நடந்து முடிந்து வெகு நாட்களாகியிருந்தது.

உடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெள்ளை நீளக்கைச் சேர்ட்டும் சப்பாத்தும் என்னிடம் இருந்தன. டை மட்டும் அயல்வீட்டு அண்ணா ஒருவருடையது. எனக்கு அதைக் கட்டத் தெரியாது என்பதால், அவரே கட்டித் தளர்த்திக் கொடுத்த முடிச்சோடு அது ஐந்து நாட்கள் எங்கள் அறைச் சுவரின் ஆணியில் தொங்கியது. அதில் யாரும் கை வைக்கக்கூடாது என்று சித்தி தம்பி தங்கையரை எச்சரித்திருந்தார்.

உண்மையான ஆயத்தம் நடந்தது கல்லூரியில்தான். கடிதத்தோடு நான் போய் நின்றபோது, எங்கள் கணக்கியல் சேர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உமக்குக் கணக்குத் தெரியும். ஆனால் அது தமிழிலைதான் தெரியும். வியாழக்கிழமைக்கிடையிலை அதை இங்கிலிசுக்குக் கொண்டுபோகவேணும், அவ்வளவுதான்."

அவர் சொன்னது முற்றிலும் சரி. நாங்கள் கணக்கியலை முழுக்க முழுக்கத் தமிழிலேயே கற்றவர்கள். பரீட்சை மீதி, ஐந்தொகை, பெறுமானத் தேய்வு, அட்டுறு செலவு, தொங்கல் கணக்கு, கடன்பட்டோர், கடன்கொடுத்தோர் என்ற சொற்களாலேயே எமது சிந்தனை ஓடியது. அழகான சொற்கள் அவை. இருபக்கப் பதிவின் தருக்கத்தை அவற்றைவிடத் தெளிவாக இன்றுவரை எனக்கு எந்த மொழியும் சொன்னதில்லை. ஆனால் கொழும்பின் கணக்காய்வு அலுவலகங்களின் வாசலைத் தாண்டினால் பேச்சும் எழுத்தும் ஆங்கிலம். சேர் ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, இடப்பக்கத்தில் தமிழ்ச் சொல்லையும் வலப்பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் தம் சாய்வான கையெழுத்தில் எழுதத் தொடங்கினார். மூன்றாம் நாள் முடிவில் அது பதினொரு பக்கங்களாகியிருந்தது.

எழுதியது போதாதென்று சொல்லவும் வைத்தார். மேசையின் பின்னால் அவர் இருக்க, நான் விறாந்தையிலிருந்து கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, உள்ளே வந்து, இருக்கச் சொல்லும்வரை நின்று, பின்னர் அமரவேண்டும். முதல் நாள் அந்தக் கதவால் ஏழு தடவையாவது வந்திருப்பேன். "நீர் களவெடுக்க வந்த ஆள்மாதிரி வாறீர், திரும்பிப் போய் வாரும்" என்பார். பிறகு கேள்விகள். பரீட்சை மீதி சமப்பட்டால் கணக்கில் பிழையே இல்லை என்று சொல்லலாமா? சொல்லமுடியாது. ஈடுசெய் வழுக்களும் தத்துவ வழுக்களும் அதில் வெளிப்படமாட்டா. லொறியின் எஞ்சின் திருத்திய செலவை மோட்டார் வாகனக் கணக்கில் பதிந்தால் இரு பக்கங்களும் சமமாகவே நிற்கும், பிழையும் உள்ளேயே நிற்கும். இதனைத் தமிழில் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவேன். ஆங்கிலத்தில் லொறியைத் திருத்தி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும். சேர் கோபிக்காமல் வலப்பக்கச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்தார். ட்ரயல் பலன்ஸ். டிப்ரீசியேசன். கிரெடிட்டர்ஸ். டெப்டர்ஸ்.

"உம்மைப் பற்றிச் சொல்லும்" என்ற கேள்விக்கு ஒன்றரைப் பக்கத்தில் ஓர் உரை எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அதைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்கவேண்டிய ஞாயிறு மாலை லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்தது. வீட்டுக்கார அம்மாவின் தொலைக்காட்சிக்கு முன்னால் எங்கள் ஒழுங்கை முழுவதும் கூடியிருக்க, கொப்பியை மடியில் வைத்தபடி நானும் இருந்தேன். இரவு வெடிச்சத்தம் கேட்டபோது, வெகு நாட்களுக்குப் பின் அது பட்டாசுதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வியாழனன்று இரண்டு மணித்தியாலங்கள் முன்னதாகவே புறப்பட்டேன். கோட்டையில் இருந்த அந்த அலுவலகம், ஜனவரி 31 ஆம் திகதி மத்திய வங்கி குண்டுத் தாக்குதலில் கண்ணாடிகள் நொறுங்கிய பின்னர், தற்காலிகமாகக் கொள்ளுப்பிட்டியில் ஒரு வீட்டில் இயங்கியது. 101 ஆம் இலக்க பஸ்ஸில் சாதாரணமாக அது சொற்ப நேரப் பயணம். காலி வீதிச் சோதனைச்சாவடியில் அனைவரும் இறக்கப்பட்டோம். ஓர் இளம் சிப்பாய் என் கோவையை விரித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். அவன் நெடுநேரம் பார்த்தது அந்தக் கடைசித் தாளைத்தான். எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான், சொன்னேன். தாள்களை அள்ளிக் கோவைக்குள் திணித்துத் தந்து, நல்லபடி செய் என்றான். அலுவலகப் படிக்கட்டில் இருந்து அவற்றை மீண்டும் ஒழுங்குபடுத்தினேன்.

உள்ளே இருவர் இருந்தனர். ஒருவர் சிங்களவர், மற்றவர் நரைத்த தலையுடைய தமிழர். முதற் கேள்வியே ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்த்தீரா என்பதுதான். அவுஸ்திரேலியாவின் 241, அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் பெற்ற 107, அதற்கு முன் அவர் வீழ்த்திய மூன்று விக்கெட்டுகள் என்று எனக்குத் தெரிந்ததை நான் சொல்லி முடித்தபோது, என்னை அறியாமலே ஐந்து நிமிடம் ஆங்கிலம் பேசியிருந்தேன். ஒன்றரைப் பக்க உரையை யாரும் கேட்கவில்லை. பின்னர் தமிழர், அறவிடமுடியாக் கடனுக்கும் ஐயக்கடன் ஏற்பாட்டுக்கும் என்ன வேறுபாடு என்று வினவினார். முன்னது இனி வராதென்று தெரிந்து பதிவழித்துவிடுவது, பின்னது வராமற் போகலாம் என்றெண்ணி ஒதுக்கிவைப்பது என்று விளக்கினேன். அந்த விளக்கத்தில் நாலைந்து தடவையாவது "டெப்டர்ஸ்" என்று தெளிவாக, அழுத்தமாக உச்சரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். அதில் அந்தச் சொல் வந்தபோது மட்டும் சற்று நிதானித்து, "டெட்டர்ஸ்" என்றார். எனக்குக் காது சுட்டது. எழுத்தில் இருப்பதை வாயில் சொல்லாமல் விடும் வழக்கத்தைத் தமிழில் படித்த பிள்ளை எப்படி ஊகிப்பான்? என் மறுமொழியில் நானும் "டெட்டர்ஸ்" என்றேன். அவர் கோவையைப் பார்த்தபடியே, தொடரும் என்பதுபோல் கையை அசைத்தார்.

நியமனக் கடிதம் ஏப்ரலில் வந்தது. ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமையே, பாடசாலை விடும் நேரமாகப் பார்த்துக் கல்லூரிக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போது எனக்கு ஒன்று விளங்கியது. சேரும் என்னைப் போலவே அந்தச் சொல்லை அச்சில் மட்டும் கண்டவர். அதனை அவருக்குச் சொல்லித்தர அவருக்கென்று ஒரு கொப்பி இருந்ததில்லை.

வகுப்பறையில் அவர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் டஸ்டரை வைத்துவிட்டு, கையைத் தட்டியபடியே, "என்ன கேட்டவை?" என்றார்.

"டெப்டர்ஸ்தான் கேட்டவை, சேர்" என்றேன்.