ஸ்டோமா நோயாளிகளும் என் எம்.எஸ்சி. ஆய்வும்

டிஸ்சார்ஜ் ஆகிப் பத்து நாள்கூட ஆகவில்லை, அந்த ஐயா திரும்பி வந்துவிட்டார். வயிற்றில் ஒட்டியிருந்த, மலம் சேரும் பையைக் கழற்றிப் பார்த்தால், குடலுக்காக வயிற்றில் வைத்த திறப்பான ஸ்டோமாவைச் சுற்றித் தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. தோலில் ஒட்டும் தட்டில் அவர் வெட்டியிருந்த ஓட்டை தேவையானதைவிட மிகப் பெரிது. குடலிலிருந்து வரும் திரவம் இத்தனை நாளும் நேராகத் தோலில் பட்டிருக்கிறது. அவருக்குப் பை மாற்றச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். வீட்டுக்குக் கிளம்பும் அன்று காலையில், அரை மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். "புரிஞ்சுதா ஐயா?" என்று கேட்டேன். "புரிஞ்சுது சிஸ்டர்" என்றார். கேஸ் ஷீட்டில் 'நோயாளிக்குக் கற்பிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அந்தக் கையெழுத்து என்னை ரொம்ப நாள் உறுத்தியது. பிறகு எம்.எஸ்சி. நர்ஸிங் சேர்ந்து, ஆய்வுக்குத் தலைப்பு கொடுக்கச் சொன்னபோது வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டோமா என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குடலில் புற்றுநோய், அடைப்பு, காயம் போன்ற காரணங்களால் மலம் வழக்கமான பாதையில் போக முடியாதபோது, குடலின் ஒரு பகுதியை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே எடுத்துத் தைத்துவிடுவார்கள். அந்தத் திறப்புதான் ஸ்டோமா. கன்னத்தின் உட்புறம் போலச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது. ஆனால் அடக்கி வைக்கும் தசை அங்கே கிடையாது. எப்போது வெளியேறும் என்பது நோயாளியின் கையில் இல்லை. அதனால்தான் பை. சிறுகுடலில் வைத்த ஸ்டோமாவாக இருந்தால் செரிமான நொதிகள் கலந்த திரவம் வரும், அது தோலை அரித்துவிடும். சிலருக்குச் சில மாதங்கள், சிலருக்கு ஆயுள் முழுக்க இதோடுதான் வாழ்க்கை.

'ஸ்டோமா நோயாளிகளின் அறிவிலும் நலவாழ்விலும் திட்டமிட்ட கல்வியின் பலன்' என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். என் கைடு மேடம் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "அந்த ஐயாகிட்ட டிஸ்சார்ஜ் அன்னைக்கே உன் கேள்வித்தாளைக் குடுத்திருந்தா எவ்வளவு மார்க் வாங்கியிருப்பார்?" யோசித்துப் பார்த்தேன். நல்ல மார்க் வாங்கியிருப்பார். ஸ்டோமாவின் அளவைவிட ஓட்டை 2 முதல் 3 மி.மீ. மட்டும் பெரிதாக இருக்கலாம் என்று நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லியிருப்பார். கத்தரிக்கோலை மட்டும் அவர் ஒருமுறைகூடக் கையில் எடுத்ததில்லை. நான் எடுக்க விடவில்லை, நேரமாகிறது என்று நானே வெட்டிக் காட்டிவிட்டேன்.

அந்த ஒரு கேள்வியால் ஆய்வு மாறியது. அறிவை அளக்க ஒரு கேள்வித்தாள், கைத்திறனைப் பக்கத்தில் நின்று பார்த்துக் குறிக்க ஒரு பட்டியல், மனநிலைக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் தனியாக ஓர் அளவுகோல் என்று மூன்றாகப் பிரித்தேன். மூன்றாவதற்கு 2005-ல் வெளியான 'ஸ்டோமா க்யூஓஎல்' என்ற 20 கேள்விகள் கொண்ட அளவுகோலை எடுத்துக்கொண்டேன். தூக்கம், குடும்ப உறவு, வெளியே பழகுவது, உடலைப் பற்றிய எண்ணம் எல்லாம் அதில் வருகின்றன.

மொழிபெயர்ப்பு இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒருவர் தமிழாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தன் உடலைக் குறித்த சங்கடம் பற்றிய ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டோம். வெட்கமா, கூச்சமா, அவமானமா? மூன்றும் ஒன்றில்லை. வெட்கம் சில இடங்களில் இனிமையான சொல்கூட. அவமானம் என்றால் யாரோ செய்தது போல ஆகிவிடுகிறது. கடைசியில் கூச்சம் என்று வைத்து, சிலரிடம் மட்டும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்கும் பைலட் ஆய்வுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஓர் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "கூச்சம்னா பரவாயில்லையே சிஸ்டர். எனக்கு இருக்கறது அருவருப்பு."

அந்தச் சொல்லை அளவுகோலில் சேர்க்க முடியாது, மூலத்தில் அது இல்லை. ஆனால் என் நோட்டில் அதைத் தனிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். பின்னால் அதுதான் எனக்கு உதவியது.

நோயாளிகளுக்குப் பாதிப்பில்லாமல் ஆய்வு நடக்குமா என்று பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் போகும்போது பயமாக இருந்தது. வெறும் காகித வேலை என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். அப்படியில்லை. குழு கேட்டவை நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்விகள். புதிய பயிற்சி இல்லாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் அளக்கப்படும் ஒப்பீட்டுக் குழுவில் இருப்பவர்களுக்கு இந்தப் பயிற்சி கிடைக்காதா? வேலை செய்யும் வார்டிலேயே நீங்கள் சம்மதம் கேட்டால், ஊசி போடும் உங்களிடம் நோயாளி எப்படி 'முடியாது' என்று சொல்வார்? கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது ஒருவர் வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால் அன்றைக்கே யாரிடம் சொல்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதிலே இல்லை. திரும்பி வந்து மனநல மருத்துவரிடம் பேசி, யாரை, எவ்வளவு நேரத்துக்குள் அழைப்பது என்று எழுதி வாங்கினேன். சம்மதம் கேட்கும் பொறுப்பை அந்த வார்டில் வேலை பார்க்காத ஒரு தோழியிடம் கொடுத்தேன், யோசிக்க ஒரு நாள் அவகாசமும் வைத்தோம். ஒப்பீட்டுக் குழுவினருக்குக் கடைசி அளவீடு முடிந்தவுடன் அதே பயிற்சியை முழுதாகக் கொடுப்பது என்று எழுதினேன். அனுமதி கிடைக்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் என் ஆய்வு உருப்பட்டது என்றுதான் சொல்வேன்.

குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரிக்கத்தான் ஆசை. ஒரே வார்டில் அது நடக்காது. ஒரு கட்டிலில் சொல்லிக்கொடுப்பதை அடுத்த கட்டில்காரர் கேட்டுக்கொண்டிருப்பார், சாயங்காலம் இருவரும் அதைப் பற்றிப் பேசுவார்கள். பேசக் கூடாது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அதனால் முதல் சில மாதங்கள் வழக்கமான முறையிலேயே விட்டு அளந்தோம், அப்புறம் வந்தவர்களுக்குப் புதிய பயிற்சி. இது குலுக்கலைவிடப் பலவீனமான வடிவம் என்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதினேன்.

பயிற்சி அறுவை சிகிச்சைக்கு முன்பே தொடங்கியது. நோயாளியை உட்கார, நிற்க, குனிய வைத்து, மடிப்பு விழாத, அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஸ்டோமாவுக்குக் குறி போடுவோம். அப்போதே ஒரு காலிப் பையைக் கையில் கொடுத்துவிடுவேன். அறுவை முடிந்தபின் முதல் நாள்களில் பார்த்தால் மட்டும் போதும். பலர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவசரப்படுத்தக் கூடாது. பிறகு தொடுவது, பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்வது, அளவெடுப்பது, வெட்டுவது, ஒட்டுவது. ஒருமுறைக்கு இருபது நிமிடம், ஒன்று அல்லது இரண்டு விஷயம் மட்டும். ராய் கெஸல்ஸ் 2003-ல் எழுதிய கட்டுரையில், நோயாளிகள் கேட்கும் மருத்துவத் தகவலில் 40 முதல் 80 சதவீதம் உடனே மறந்துபோகிறது என்று படித்ததிலிருந்து, டிஸ்சார்ஜ் அன்று அரை மணி நேரத்தில் நான் கொட்டியதை நினைத்தாலே வருத்தமாக இருக்கும். முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஸ்டோமா சுருங்கும், அதனால் மறுபடி மறுபடி அளவெடுக்க வேண்டும் என்பதையும் அந்த அரை மணி நேரத்தில்தான் அந்த ஐயாவிடம் ஓட்டமாகச் சொல்லியிருந்தேன்.

'புரிஞ்சுதா?' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, "நான் சரியாச் சொன்னேனான்னு எனக்குத் தெரியணும், நீங்க செஞ்சு காட்டுங்க" என்பேன். தவறினால் தவறு என் விளக்கத்தில் என்று ஆகிவிடும், நோயாளிக்கு அவமானம் இல்லை. சொன்னதையும் செய்ததையும் திருப்பிக் கேட்கும் இந்த முறையில் முதல் வாரமே எனக்கு நிறையத் தெரியவந்தது. 'ஓட்டையைக் கொஞ்சம் பெரிசா வெட்டணும்' என்று நான் சொல்லும் 'கொஞ்சம்' ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வோர் அளவாக இருந்தது. அதற்கப்புறம் அட்டையில் வெட்டிய அளவு மாதிரி ஒன்றைக் கூடவே கொடுத்தனுப்பினேன்.

தரவு சேகரிப்பில் ஒரு தப்பு செய்தேன், அதைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் கேள்விகளை நானே வாசித்துப் பதில் வாங்கினேன். எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்றார்கள். மாதக்கணக்கில் பாடம் சொன்ன சிஸ்டரின் மனம் கோணக் கூடாதே என்ற அன்பு அது. பக்கத்தில் இருந்த உறவினர்களும் முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள். புள்ளியியல் ஆசிரியர் விடைத்தாள்களைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டார். அந்தத் தாள்களை ஒதுக்கிவிட்டு, குழுவிடம் திருத்தத்துக்கு அனுமதி வாங்கி, பயிற்சி கொடுக்காத ஒருவர் தனியறையில் கேட்பது என்று மாற்றினோம். சிலர் இடையில் விலகினார்கள். சிலர் இறந்துபோனார்கள். அட்டவணையில் அந்த இரண்டும் ஒரே வரியில் வரும். எனக்கு அந்த வரியை எழுதக் கை வரவில்லை, தனித்தனியாகப் பிரித்துத்தான் எழுதினேன்.

முடிவு வந்தது. அறிவு மதிப்பெண் ஏறியிருந்தது, கைத்திறன் நன்றாக ஏறியிருந்தது, தோல் புண்ணோடு திரும்பி வருபவர்கள் குறைந்திருந்தார்கள். வாழ்க்கைத் தர மதிப்பெண் மட்டும் ஏறக்குறைய அப்படியே கிடந்தது. அன்று விடுதி அறையில் அழுதேன். மேடம் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "மறைக்காம எழுது. ஏன்னு தெரியலேன்னா அவங்களையே போய்க் கேளு" என்றார்.

குழுவின் அனுமதியோடு சிலரிடம் நீண்ட நேரம் பேசினேன். நோட்டில் இருந்த 'அருவருப்பு' என்ற சொல்லிலிருந்துதான் பேச்சைத் தொடங்கினேன். அப்போது வந்தன எல்லாம். கூட்டத்தில் பை சத்தம் போட்டுவிடுமோ என்று வெளியே போவதில்லை. நாற்றம் வருகிறதா என்று வீட்டாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மனைவியிடமிருந்து தள்ளிப் படுக்கிறார் ஒருவர். பேரக்குழந்தையை மடியில் வைப்பதில்லை இன்னொருவர். அந்த அம்மா சொன்னார்: "நீங்க சொன்னதெல்லாம் தப்பாம செய்யறேன் சிஸ்டர். ஆனா இதோட வாழுற இன்னொரு ஆளை நான் பார்த்ததே இல்லையே."

எனக்கு உடனே நார்மா கில் நினைவுக்கு வந்தார். ஸ்டோமா செவிலியத்தின் வரலாற்றை ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் நானே எழுதியிருந்தேன். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் அறுவை மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல் 1958-ல் அவரை ஸ்டோமா நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வைத்தார். 1961-ல் அங்கேயே இதற்கான பயிற்சிப் பள்ளியும் தொடங்கியது. நார்மா கில் செவிலியர் அல்ல. ஸ்டோமாவோடு வாழ்ந்த நோயாளி. இந்தத் துறையே அப்படி ஒருவரிடமிருந்துதான் தொடங்கியது என்று எழுதிவிட்டு, என் பயிற்சித் திட்டத்தில் அப்படி ஒருவருக்கும் இடம் வைக்காமல் விட்டிருந்தேன்.

ஆய்வேட்டைப் பற்றிய வாய்மொழித் தேர்வான வைவாவில் அதைத்தான் முதலில் சொன்னேன். தேர்வாளர்கள் நிறையக் கேட்டார்கள், பாஸ் ஆனேன்.

அதற்கப்புறம் வார்டில் மருத்துவரிடம் பேசி, பதினொரு வருடமாக ஸ்டோமாவோடு இருக்கும் ஒருவரை வரவழைத்தோம். அறுவை முடிந்து ஐந்து நாளான ஒரு நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். நோயாளி அவரை மேலும் கீழும் பார்த்தார், சட்டைக்குள் பை தெரிகிறதா என்று தேடுவது எனக்குப் புரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, என்னிடம் ஒருநாளும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"ராத்திரி புரண்டு படுப்பீங்களா?"

"ரெண்டு பக்கமும் படுப்பேன். படுக்கறதுக்கு முன்னாடி காலி பண்ணிடுவேன், அவ்வளவுதான்."

என் கையேட்டில் அந்தக் கேள்வி இல்லை. நான் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தபோது, நோயாளி நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார்.