கை மறக்காது, வரிசை மறக்கும்: தோட்டத்து முதியவர்களிடம் நிறைவேற்றுத் திறன் சோதிப்பது

கொழுந்து பறித்த கை அவ்வளவு சீக்கிரம் மறக்காது. டிமென்ஷியா என்னும் அறிவாற்றல் தளர்ச்சி நோய் தொடங்கிச் சில வருடமானவர்கூடத் தேயிலைச் செடிக்கு முன்னால் நின்றால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பிசகாமல் கிள்ளுவதுண்டு. அதைப் பார்த்துத்தான் வீட்டில், “அம்மாயிக்கு ஒன்னுமில்லீங்க, வயசாயிருச்சு, அவ்வளவுதான்” என்கிறார்கள். அதே அம்மாயி வெறுஞ்சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். குளிக்கச் சொன்னால் வாளியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். சோம்பல், பிடிவாதம் என்று ஏச்சு விழும். இரண்டும் இல்லை. ஒரு வேலையைத் தொடங்கவும், வரிசைப்படுத்தவும், இடையில் மாற்றவும், தேவைப்படும்போது நிறுத்தவும் உதவும் நிறைவேற்றுத் திறன் தளர்ந்திருக்கிறது. மூளையின் முன்மடலும் அதோடு இணைந்த நரம்புப் பாதைகளும் பார்க்கும் வேலை அது. குருதிக்குழாய் அடைப்பால் வரும் டிமென்ஷியாவிலும் முன்மடலைத் தாக்கும் வகையிலும், ஞாபகம் ஓரளவு நன்றாக இருக்கும்போதே இது சரியத் தொடங்கலாம்.

ஞாபகம், நாள், இடம் போன்றவற்றைக் கேட்கும், 1975இல் வந்த எம்.எம்.எஸ்.ஈ. சோதனை இந்தத் திறனை அதிகம் தொடுவதில்லை. அதில் 30க்கு 27 எடுத்தவரும் வீட்டு வேலையில் தடுமாறலாம். அதனால் நாங்கள் எடுப்பது எஃப்.ஏ.பி. எனப்படும் முன்மடல் சோதனைத் தொகுப்பு. 2000இல் பிரான்ஸ் நாட்டு வைத்தியர்கள் வெளியிட்டது. ஆறு பகுதி, பகுதிக்கு 3 புள்ளி, மொத்தம் 18. பத்து நிமிடம் போதும். ஒரு மேசையும் இரண்டு கதிரையும் இருந்தால் லயத்து ஸ்தோப்பிலேயே, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் முன் திண்ணையிலேயே, செய்யலாம்.

ஆனால் முதலில் விசாரிக்க வேண்டும். குழப்பம் இரண்டு மூன்று நாளில் திடீரென வந்ததா? அப்படியென்றால் சோதனையை ஒத்திவைத்துவிட்டு உடனே வைத்தியரிடம் அனுப்புங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, நீர் வற்றுதல் போன்றவற்றால் வரும் டெலிரியமாக இருக்கலாம். சளிக்கென்று தினமும் குடிக்கும் குளோர்பெனிரமின், நித்திரைக்குக் கொடுத்த அமிட்ரிப்டிலின் இரண்டும் வயதானவரின் மூளையை மந்தமாக்கும். மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைபாடு, சாராயம் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காதில் குரும்பி அடைத்திருந்தால் அதை எடுக்காமல் சோதித்துப் பயனில்லை.

காலை பத்து மணிக்கு மேல் நல்ல நேரம். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் விடியற்குளிரில் விரல் விறைத்திருக்கும். மழை பிடித்துவிட்டால் தகரக் கூரைச் சத்தத்தில் மேசையில் தட்டுவது கேட்காது. கேட்காமல் விட்ட தட்டு பிழையாகப் பதிவாகிவிடும். மழை விடட்டும்.

ஒற்றுமை கேட்கும் பகுதி: வாழைப்பழமும் தோடம்பழமும் எந்த வகையில் ஒன்று? மேசையும் கதிரையும்? பிறகு மூன்று பூக்கள். மூலத்தில் உள்ள டியூலிப்புக்குப் பதில் ரோசா, மல்லிகை, செவ்வந்தி என்று கேட்கலாம். “ரெண்டும் பழம்” என்றால் புள்ளி உண்டு, “தோல் இருக்கு” என்றால் இல்லை. பள்ளிக்கூடம் போகாதவர்கள் பொருளை அதன் பயனால் சொல்லிப் பழகியவர்கள். அவர்கள் “தின்கிறது” என்று சொல்வதை நோயின் அடையாளமாக எடுக்கக்கூடாது. சொன்னதை அப்படியே எழுதி வையுங்கள்.

சொல் வேகப் பகுதியில் 60 விநாடிக்குள் ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களைக் கேட்க வேண்டும். எழுத்தே தெரியாதவரிடம் அதைக் கேட்பது அநியாயம். மிருகங்களின் பெயர் கேளுங்கள். ஆனால் அந்த எண்ணிக்கையை எஃப்.ஏ.பி. மொத்தத்தில் சேர்க்காமல், மீதி ஐந்து பகுதிக்கும் 15இல் எவ்வளவு என்று தனியாகக் குறிக்க வேண்டும். எத்தனை சொன்னார் என்பதைவிட எப்படிச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். “ஆடு, மாடு, பால், டீ, சீனி” என்று சொல் நழுவிப்போனால், பிடித்த நூல் கைவிட்டுப் போகிறது என்று பொருள்.

அடுத்தது முஷ்டி, ஓரம், உள்ளங்கை: மேசையில் முதலில் முஷ்டி, பிறகு கையின் ஓரம், பிறகு உள்ளங்கை என்று வரிசையாக வைப்பது. எங்கள் அனுபவத்தில் அதிகம் சொல்வது இதுதான். இடது கையால் மூன்று தரம் நீங்கள் செய்து காட்ட வேண்டும். அவர் வலது கையால் முதலில் உங்களோடும் பிறகு தனியாகவும் செய்வார். தனியாகத் தொடர்ந்து ஆறு தரம் சரியென்றால் 3, மூன்று தரமாவது சரியென்றால் 2. உங்களோடு சேர்ந்து மட்டும் மூன்று தரம் வந்தால் 1. மூட்டுவாதக் கை மெதுவாகப் போகும், வரிசை மாறாது. திறன் குறைந்தவரின் கை வேறு விதம்: முஷ்டி, முஷ்டி, உள்ளங்கை, திரும்ப முஷ்டி. சிலர் வாயால் “ஓரம்” என்று சரியாகச் சொல்வார்கள், அந்த நொடியில் மேசையில் விழுவது முஷ்டியாக இருக்கும். வாய் அறிந்ததைக் கை கேட்பதில்லை. வேகத்துக்குப் புள்ளி குறைக்காதீர்கள்.

தட்டும் பகுதிகள் இரண்டு. முதலாவதில் அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: “நான் ஒரு தரம் தட்டினால் நீங்கள் இரண்டு தரம், நான் இரண்டு தட்டினால் நீங்கள் ஒன்று.” வரிசை 1-1-2-1-2-2-2-1-1-2. பிழை இல்லையென்றால் 3, ஒன்றிரண்டு பிழைக்கு 2, அதற்கு மேல் 1. தொடர்ந்து நான்கு தரம் உங்களைப் போலவே தட்டினால் 0. உடனே விதி மாறும்: ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்குத் தட்டவே கூடாது. பழைய விதியை விட முடியாதவர் இங்கேதான் அகப்படுவார். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. சிங்களத்தில் நடக்கும் கிளினிக்கில் பேரப்பிள்ளை மொழிபெயர்க்கும்போது, “இப்படிங்க பாட்டி” என்று தானே தட்டிக் காட்டிவிடும். அந்தப் புள்ளி பேரனுடையது. தமிழ் பேசும் தாதியோ ஊழியரோ இருந்தால் அவரைக் கேளுங்கள்.

கடைசிப் பகுதியில், அவர் உள்ளங்கையை மேல்நோக்கி மடியில் வைத்திருக்க, எதுவும் சொல்லாமல் உங்கள் கைகளால் தொட வேண்டும். பிடிக்காவிட்டால் 3. பிடித்தால், பிடிக்க வேண்டாம் என்று சொல்லி மறுபடி தொடுங்கள். சொன்ன பிறகும் பிடித்தால் 0. வந்தவுடன் பாசமாகக் கையைப் பற்றிக்கொண்டு பேசியிருந்தால் இந்தப் பகுதி கெட்டுவிடும். கும்பிட்டு வணக்கம் சொல்வது நல்லது.

மொத்தம் 18இல் 12க்குக் கீழே போனால் திறன் குறைவு என்ற எல்லை வேறு நாட்டில், படித்தவர்களிடம் இருந்து வந்தது. தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில். இன்றைய பாட்டிமார் பலர் அதற்கு முன்பே மலையேறிக் கொழுந்து பறிக்கப் போனவர்கள். ஆகவே புள்ளியின் பக்கத்தில் எத்தனையாம் வகுப்பு என்று எழுதாத தாளை நாங்கள் ஏற்பதில்லை.

பிறகு சமையலறைக்குப் போகிறோம். 1993இல் அமெரிக்காவில் புட்டிங் செய்யச் சொல்லிப் பார்க்கும் மதிப்பீடு ஒன்று வந்தது. இங்கே சாயத்தண்ணி, பால் சேர்க்காத தேநீர். வெறுமனே ஊற்றச் சொன்னால் பழகிய கை முடித்துவிடும், ஒன்றும் தெரியாது. அதனால் மூன்று கோப்பை கேளுங்கள்: ஒன்றுக்கு இஞ்சி, ஒன்றுக்குச் சீனி இல்லை, ஒன்றுக்கு எல்லாம். தண்ணீர் கொதிக்கும்போது ஒரு டம்ளர் பச்சைத் தண்ணி கேட்டு இடைமறியுங்கள். தானே தொடங்கினாரா, அடுப்புக்குத் திரும்பினாரா, சீனி தவறியதைத் தானே கண்டாரா, அடுப்பை அணைத்தாரா என்று குறியுங்கள். உதவுவதற்கு முன் பத்து விநாடி பொறுங்கள். வீட்டில் ஒருவர் அடுப்புப் பக்கம் நிற்கட்டும்.

கிளினிக் கடிதத்தில் மொத்தப் புள்ளியை மட்டும் எழுதாமல் ஆறு பகுதியையும் தனித்தனியாக, பிழையின் விதத்தோடு எழுதுங்கள். சோதித்த மொழி, படித்த வகுப்பு, காது, கண், தேநீர் வேலையில் எங்கே நின்றார் என்பதும் இருக்கட்டும். மருந்து அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள், இருமலுக்குக் கடையில் வாங்கியது உட்பட.