கூடத்தின் நீளம் 11 அடி

ஏப்ரல் 20, 2024

நேற்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். இடது ஆள்காட்டி விரலில் வைத்த மை நகக்கண் வரை இறங்கியிருக்கிறது. அதே விரலால்தான் இன்று காலை வீணையில் தோடி ராகம் வாசித்துப் போனில் படம் எடுத்தேன். கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போன மாணவி கேட்டிருந்தாள்: "பாட்டு மட்டும் போதாது டீச்சர், உங்கள் இடது கை தெரியவேண்டும்."

திண்ணை வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று அங்கே உட்கார்ந்தேன். எடுத்ததைப் பார்த்தால் தந்திகள் பாம்பாக நெளிகின்றன! வெயிலில் போன் ஒவ்வொரு காட்சியையும் கண்சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாகப் பிடிக்கிறதாம். அதையும் வரி வரியாகப் படிக்கிறதாம். மேல் வரியைப் படிக்கும்போது ஓரிடத்தில் இருந்த தந்தி, கீழ் வரிக்கு வருவதற்குள் வேறிடத்தில் இருக்கிறது. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் நுணுக்கம், கற்றுக்கொள்ளப் பார்ப்பவளுக்கு இதைக் காட்டினால் என்ன ஆகும்?

கேமரா வாங்கவேண்டும். கையில் இருப்பது 25,000 ரூபாய்.

ஏப்ரல் 23

அண்ணன் மகன் வந்திருந்தான். கல்லூரியில் குறும்படம் எடுக்கிற கூட்டத்தோடு சுற்றுபவன். "50 எம்.எம். லென்ஸ் போடுங்கள் அத்தை, பின்னணி அப்படியே கரைந்துவிடும்" என்றான். என் பின்னணி பூஜை அலமாரியும் கொடியில் காயும் துண்டும்தான். கரைந்தால் நல்லதுதான் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்துவந்து கூடத்தை அளந்தார். சுவருக்குச் சுவர் 11 அடி. நான் உட்கார இரண்டரை அடி, ட்ரைபாடும் அதன் பின்னால் ஆளும் நிற்க இரண்டு அடி. மிச்சம் ஆறரை அடி. வீணை நாலடிக்கு மேல். யாளி முகம் முதல் குடம் வரை, பக்கத்தில் மிருதங்கத்தோடு சேர்த்து 2.4 மீட்டர் அகலம் படத்துக்குள் வந்தாகவேண்டும்.

பிறகு கணக்குப் போட்டோம். மலிவான கேனன் கேமராக்களில் சென்சார், அதாவது படத்தைப் பதியும் சில்லு, 22.3 மில்லிமீட்டர் அகலம். 2.4 மீட்டரை லென்சின் எண்ணால் பெருக்கி 22.3-ஆல் வகுத்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும் என்று கிடைத்துவிடும். 50 எம்.எம். லென்சுக்கு ஐந்தேகால் மீட்டருக்கும் அதிகம், அதாவது பதினேழரை அடி. தெருவில் நின்று ஜன்னல் வழியாகத்தான் எடுக்கவேண்டும். கேமராவோடு வருகிற சாதாரண 18-55 லென்சை 18-இல் வைத்தால் ஏறக்குறைய 1.94 மீட்டர். ஆறரை அடிக்கு இரண்டு விரல்கடை உள்ளே.

பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

ஏப்ரல் 27

திருச்சியில் ஒரு கடைக்குப் போனோம். 4கே, அதாவது எச்.டி.யைவிட நாலு மடங்கு புள்ளிகள் கொண்ட படம், இல்லாத கேமராவை இந்தக் காலத்தில் யாராவது வாங்குவார்களா என்று விற்பனையாளர் கேட்டார். கேனன் 200டி என்ற கேமராவின் இரண்டாம் பதிப்பை எடுத்துக் காட்டினார். விலை எங்கள் பையைத் தாண்டியது, அது கிடக்கட்டும். சாதாரண எச்.டி.யிலிருந்து 4கே-க்கு மாற்றியவுடன் திரையில் இருந்த காட்சி குபுக்கென்று முன்னால் வந்தது. கல்லாவில் இருந்தவரின் இரண்டு தோள்களும் வெட்டுப்பட்டன. அந்த மாடலில் 4கே-க்குச் சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே வேலை செய்கிறது. என் கூடத்தில் அப்படி எடுத்தால் பத்தடி தூரத்துக்குப் பின்வாங்க வேண்டும். இல்லையென்றால் மிருதங்கக்காரரை அடுக்களையில் உட்காரவைக்க வேண்டும்.

என் மாணவி பார்க்கப்போவது போன் திரையில். அதற்கு 4கே எதற்கு?

ஏப்ரல் 28

பழைய கேமராதான் வாங்குவது என்று முடிவு.

மே 5

கத்திரி தொடங்கிவிட்டது. பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய் ஒருவரிடம் பழைய கேமரா பார்த்தோம். வெளியே பளபளவென்று இருந்தது. அண்ணன் மகன் லென்சைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்னால் என்னைப் பார்க்கச் சொன்னான். கண்ணாடிக்குள் ஓரத்தில் சிலந்தி வலை போல வெள்ளை இழைகள். பூஞ்சை. ஈரக்காற்றில் அலமாரிக்குள் மூடிக்கிடந்தால் வரும். "துடைத்தால் போய்விடும்" என்றார் விற்பவர். உள்ளே இருப்பதை எப்படித் துடைப்பது? மோர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தோம்.

மே 9

வாங்கியாயிற்று. கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர், பெரிய கேமராவுக்கு மாறுவதால் தன் கேனன் 200டி-யைக் கொடுத்தார். 2017-இல் வந்த மாடல். 18-55 லென்சோடு 21,000. மைக் செருக ஓட்டை இருக்கிறது, திரையைத் திருப்பி என் பக்கம் வைத்துக்கொள்ளலாம், முகத்தைத் தானே கண்டுபிடித்துக் கூர்மை வைக்கிறது. ஒரே மூச்சில் அரை மணிக்கு ஒரு விநாடி குறைவாகத்தான் பதியும். அரை மணியைத் தாண்டினால் ஐரோப்பாவில் அதை வீடியோ கேமரா என்று கணக்கு வைத்துச் சுங்கவரி போட்டதால் வந்த கட்டுப்பாடு இது. ஒரு கீர்த்தனைக்கு அரை மணி எதற்கு, போதும்.

கிளம்பும்போது அவர் மேஜையிலிருந்து ஒரு சின்ன லென்சை எடுத்து, "இதுவும் வேண்டுமானால் 4,000" என்றார். 50 எம்.எம். அண்ணன் மகன் என் முகத்தைப் பார்க்கவேயில்லை, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாங்கிவிட்டேன்.

மே 12

முதல் பதிவு. ட்யூப்லைட்டைப் போட்டால் படத்தில் கருப்புப் பட்டை மேலிருந்து கீழே நீந்திப் போகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு நூறு தடவை துடிக்கிறது. கேமராவோ விநாடிக்கு 30 காட்சிக் கணக்கில் இருந்தது. 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற பால் (PAL) என்ற வீடியோ முறைக்கு மாற்றி, 25 காட்சி, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்ததும் பட்டை போய்விட்டது. கூடவே தந்திகளும் சரியாயின. நெளியவில்லை, நேரில் கண்ணுக்குத் தெரிவதுபோல மங்கலாக அதிர்கின்றன.

ஒலிதான் படுத்திவிட்டது. மீட்டின் நாதம் தேயத் தேய, கேமரா தானாகவே ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறது. காந்தாரத்தில் நின்று அசைத்து முடிக்கும் இடத்தில் மின்விசிறி எழுந்து வருகிறது. பிறகு பக்கத்து வீட்டுக் குக்கர். அடுத்த மீட்டு விழுந்ததும் எல்லாம் அமுங்கிவிடுகிறது. வீணையின் உயிரே அந்தத் தேய்மானத்தில்தான் இருக்கிறது, அதைப்போய் நிரப்புகிறது இந்த இயந்திரம்.

தானியங்கியை அணைத்துவிட்டு, பெரிய மீட்டுக்கும் திரையில் ஓடும் ஒலிக்கோடு -12 டெசிபெல் குறியைத் தாண்டாதபடி ஒலி அளவைக் கையால் வைத்தோம். சட்டையில் குத்தும் 900 ரூபாய் மைக்கை குடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, சுருதிப் பெட்டியின் மேல் வைத்தோம். மின்விசிறியும் நிறுத்தம். ஏழு நிமிடக் கீர்த்தனை முடிவதற்குள் மிருதங்கக்காரரின் துண்டைப் பிழியலாம் என்று ஆகிவிட்டது.

மே 18

அகலக் காட்சி ஒன்று, கைக்கு அருகில் ஒன்று என்று இரண்டு முறை வாசித்து ஒட்டிவிடலாம் என்றான் அண்ணன் மகன். சினிமாப் பாட்டில் அது நடக்கும். அங்கே பாட்டு முன்பே பதிவாகிவிடுகிறது. நானோ அனுபல்லவியில் முதல் தடவை இரண்டாகப் பிரித்த அசைவை இரண்டாம் தடவை மூன்றாகப் பிரித்திருக்கிறேன். எனக்கே தெரியாது. ஒட்டிப் பார்த்தால் காதில் ஒரு ஸ்வரம், விரலில் வேறொரு ஸ்வரம். பிள்ளை, "அத்தை, கொஞ்சம் அதே மாதிரி..." என்று இழுத்தான். முப்பது வருடமாக வாசிக்கிறேன், அதே மாதிரி ஒரு நாளும் வந்ததில்லை.

மே 19

இன்று மாற்றி வைத்தோம். அகலக் காட்சியைப் போனிடம் விட்டாயிற்று. அதிலும் 25 காட்சி வைக்க வழி இருந்தது; நாலு பஞ்சாங்கங்களை அடுக்கி அதன்மேல் நிறுத்தினோம். கேமராவில் 50 எம்.எம்., மூன்றடி தூரத்தில், என் இடது கையை மட்டும் பார்த்தபடி. ஒரே வாசிப்பு, இரண்டும் சேர்ந்து ஓடின. இரண்டிலும் காணும்படி மிருதங்கக்காரர் என் இடது கைக்கு மேல் கை நீட்டி ஒரு தட்டுத் தட்டினார், பிறகு அதை வைத்துப் பொருத்தினோம்.

ராத்திரி அவரும் நானும் பார்த்தோம். மெட்டுகளின் கீழே மெழுகில் விழுந்த சின்ன விரிசல்கூடத் தெரிகிறது. தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது விரல் நுனி வெளுத்துத் திரும்பச் சிவக்கிறது. பூஜை அலமாரி, துண்டு எல்லாம் கரைந்தேவிட்டன.

"நகத்தில் என்ன அழுக்கு?" என்றார்.

ஓட்டு மை. பாதி நகத்துக்கு ஏறிவிட்டது.