பூட்டியிருந்த பதினேழு வீடுகள்

கல்லூரியில் நமக்குப் புள்ளியியல் நடத்திய சார் இறந்த செய்தியை மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன். டொராண்டோவில் வாசல் பனியைத் தள்ளிவிட்டு வந்து கைப்பேசியை எடுத்தால், வாட்ஸ்அப் குழுவில் பேச்சு அதற்குள் யாருடைய மகள் திருமணத்துக்கோ போயிருந்தது.

கணக்குக்குப் பயந்து சமூகவியல் எடுத்தவர்கள் நாம். நமக்கு மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, அந்த மூலை அறையில், புள்ளியியல். மின்விசிறியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

1990. ஊர் அப்போது பம்பாய். கள ஆய்வுக்கு எனக்குத் தாராவி, 90 அடிச் சாலைக்குப் பின்னால் உள்ள சந்துகள். தமிழ்ப் பையன், சுலபமாக முடித்துவிடுவான் என்று கொடுத்தார்கள். முடித்தேன். அறுபது வீடுகள். டியூஷன் போகும் பிள்ளைகளுக்கு மதிப்பெண் அதிகம். ஆகவே டியூஷன்தான் காரணம் என்று சிவப்பு மையில் அடிக்கோடு வேறு.

சார் என்னைக் கரும்பலகைக்கு அழைத்தார். "டியூஷனுக்குப் பணம் கட்ட முடிகிற வீட்டில் வேறு என்னவெல்லாம் இருக்கும்? எழுது."

எழுதினேன். விளக்கு. படித்த அம்மா. கடைக்கு ஓட வேண்டாத மாலை.

"மதிப்பெண் வாங்கித் தந்தது இதில் எது? டியூஷனை மட்டும் பிரித்துக் காட்டு."

சாக்பீஸ் உடைந்ததுதான் மிச்சம். பிறகு கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பதினேழு வீடுகள் பூட்டியிருந்ததால் பக்கத்து வீட்டைத் தட்டினேன் என்று பெருமையாகக் குறித்திருந்தேன். "பகலில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் யார்?" வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் இருவர் இன்று நம் பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலருக்கு ஆசிரியர் குழுவில் இருக்கிறார்கள், பெயர் வேண்டாம்.

மாலையில் கேன்டீனில் கட்டிங் சாய் வாங்கிக் கொடுத்து புள்ளியியல் அறிஞர் ஆபிரகாம் வால்டின் கதையைச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் குண்டடிபட்டுத் திரும்பிய விமானங்களின் ஓட்டைகளை வைத்து, திரும்பாதவை எங்கே அடிபட்டிருக்கும் என்று கணித்தவர். "1950இல் நம் நீலகிரியில் விமானம் மோதித்தான் அவரும் மனைவியும் இறந்தார்கள்" என்றவர், சற்று நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இரவில் போ. பூட்டு திறந்திருக்கும்."

போனேன். ஒரு வீட்டில் மறுநாள் இட்லி வியாபாரத்துக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள் எட்டாம் வகுப்புப் பெண். டியூஷன் கிடையாது. என் தாளில் இருந்த எல்லாப் பிள்ளைகளையும்விட அதிக மதிப்பெண். "எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் அண்ணா ராத்திரியில் வருகிறீர்கள்?" என்று கேட்டாள். உளுந்து நுரை முழங்கைவரை ஏறியிருந்தது.

ஒன்பது வீடுகள் பார்த்தேன். மழை பிடித்துக்கொண்டது. மீதி எட்டை அறையில் உட்கார்ந்து நானே நிரப்பினேன்.

சார் ஒன்பதுக்கு மட்டும் பென்சிலால் டிக் போட்டிருந்தார். எட்டின் மேல் ஒரு கோடுகூட இல்லை. ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தவரும் அவர்தான். உறை ஒட்டியிருந்தது, என்ன எழுதியிருந்தார் என்று இன்றுவரை தெரியாது. வந்துவிட்டேன். இருமுறை பம்பாய் போயும் அவரைப் பார்க்கவில்லை.

மலருக்காகச் சங்கம் இந்த ஆண்டு ஒரு வினாத்தாள் அனுப்பியது: வெளிநாடு வந்ததால் வாழ்வு உயர்ந்ததா? பதில் வந்தவரை எல்லாம் 'ஆம்' என்று செயலாளருக்கு மகிழ்ச்சி. எனக்கு மூன்று முறை நினைவூட்டினார். கடைசியில், "சரி, சாரைப் பற்றி ஒரு கட்டுரையாவது கொடுங்கள்" என்றார்.